செஷன் டிரம்மர்: பிறர் பாடலுக்குத் தாளம் தரும் தொழில்

சிங்கப்பூரில் தமிழ் இசை நிகழ்ச்சிகளைச் சுற்றி நடக்கும் பேச்சில் "அவர் செஷன் டிரம்மர்" என்று யாரையேனும் குறிப்பிடுவது அடிக்கடி காதில் விழும். திருமண வரவேற்பில் வாசிப்பவரையும் அப்படிச் சொல்கிறார்கள். வார இறுதியில் நண்பர்களோடு ஜாம்மிங் ஸ்டூடியோவை வாடகைக்கு எடுத்து வாசிப்பவரையும் அப்படியே சொல்கிறார்கள். அந்தத் தொழிலைப் பற்றிய எண்ணங்களும் இரு துருவங்களாக இருக்கின்றன. சொந்தமாக ஒரு குழுவில் இடம் கிடைக்காதவர்தான் கூலிக்கு வாசிக்கப் போகிறார் என்பது ஒரு தரப்பு. எதைக் கொடுத்தாலும் மின்னல் வேகத்தில் வாசித்துத் தள்ளுபவரே செஷன் டிரம்மர் என்பது மறுதரப்பு. இரண்டும் தவறு. டிரம்ஸ் கற்கும் பிள்ளைகளும், அவர்களை வகுப்புக்கு அழைத்துச் செல்லும் பெற்றோரும் இந்த இரண்டு எண்ணங்களில் ஒன்றை நம்பி முடிவெடுப்பதைக் காணும்போது, இத்தொழில் உண்மையில் எப்படி இயங்குகிறது என்பதை முதலிலிருந்து சொல்ல வேண்டிய தேவை இருப்பதாகத் தோன்றுகிறது. ராக், ஜாஸ் ஆகிய இரண்டு இசை வகைகளிலும் வாசிக்கும் செஷன் டிரம்மரை மையமாக வைத்தே இக்கட்டுரை செல்கிறது.

மிருதங்க வித்வானிடமிருந்து தொடங்கலாம்

கர்நாடக இசைக் கச்சேரியில் மிருதங்கம் வாசிப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் எந்த ஒரு பாடகருக்கும் நிரந்தரமாகக் கட்டுப்பட்டவர் அல்லர். இன்று ஒரு வாய்ப்பாட்டுக்கும் நாளை ஒரு வீணைக்கும் வாசிப்பார். பாடகர் எடுத்துக்கொள்ளும் காலப்பிரமாணத்தைப் பல்லவியின் முதல் வரியிலேயே பிடித்துக்கொண்டு, கீர்த்தனை உருகும் இடத்தில் அடங்கியும், கற்பனை ஸ்வரம் விரையும் இடத்தில் எழுந்தும் அவர் வாசிக்க வேண்டும். ஒத்திகையே இல்லாமல் மேடையேற வேண்டிய நாள்களும் உண்டு. அவருடைய திறமைக்கு அளவுகோல் அவர் எத்தனை சொற்கட்டுகளை அறிந்திருக்கிறார் என்பது மட்டுமன்று. அவர் வாசித்ததால் அன்றைய பாட்டு எவ்வளவு நன்றாக அமைந்தது என்பதும்தான்.

செஷன் டிரம்மரின் வேலையும் இதே அடிப்படையில் அமைந்தது. ஆனால் இரண்டு முக்கியமான வேறுபாடுகள் உள்ளன. மிருதங்க வித்வானுக்குத் தனி ஆவர்த்தனம் உண்டு, அழைப்பிதழில் பெயரும் உண்டு. செஷன் டிரம்மருக்குப் பெரும்பாலும் இவ்விரண்டும் இல்லை. மேலும், மிருதங்க வித்வான் அவையின் முன் ஒருமுறை வாசித்து முடித்துவிடுகிறார். செஷன் டிரம்மர் வாசிப்பது நிலையாகப் பதிவாகி, பல்லாண்டுகள் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறது.

செஷன் என்பது ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவுக்காக ஒதுக்கப்படும் ஒரு நேரப்பகுதி. அமெரிக்க இசைக்கலைஞர் சங்க நடைமுறையில் அது பொதுவாக மூன்று மணி நேரமாகக் கணக்கிடப்படுகிறது. எனவே, ஒரு குழுவின் நிரந்தர உறுப்பினராக இல்லாமல், குறிப்பிட்ட ஒரு பாடலுக்கோ இசைத்தொகுப்புக்கோ கட்டணம் பெற்று வாசித்துத் தருபவரே செஷன் டிரம்மர். அதே நபர் ஒரு பாடகரின் மேடைப் பயணத்திலும் கட்டணத்துக்கு வாசிக்கலாம். ஆனால் அவருடைய பெயர் நிலைபெறுவது பதிவுக் கூடத்தில்தான்.

இசைத்தட்டில் ஒலிப்பது யாருடைய கை?

ஒரு குழுவின் பெயரில் வெளிவரும் பாட்டில் அந்தக் குழுவினரே வாசித்திருப்பார்கள் என்றுதான் நாம் எண்ணுகிறோம். வரலாறு வேறு விதமாக இருக்கிறது. 1962 செப்டம்பர் 11ஆம் நாள் பீட்டில்ஸ் குழுவினர் 'லவ் மீ டூ' பாடலை லண்டனில் மீண்டும் பதிவுசெய்தபோது, டிரம்ஸ் வாசித்தவர் ஆண்டி ஒயிட் என்ற செஷன் கலைஞர். குழுவின் டிரம்மரான ரிங்கோ ஸ்டாருக்கு அந்தப் பதிவில் கிடைத்தது டாம்பரீன் மட்டுமே. 1965இல் பேர்ட்ஸ் குழுவின் 'மிஸ்டர் டாம்பரீன் மேன்' வெளிவந்தபோது, அக்குழுவினருள் அதில் வாத்தியம் வாசித்திருந்தவர் ரோஜர் மெக்குவின் ஒருவரே. டிரம்ஸில் அமர்ந்திருந்தவர் ஹால் பிளெய்ன்.

இந்த ஹால் பிளெய்னைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 'ரெக்கிங் க்ரூ' என்று பிற்காலத்தில் பெயர்பெற்ற செஷன் கலைஞர் வட்டத்தின் டிரம்மர் அவர். 1966 முதல் 1971 வரை, ஆண்டின் சிறந்த பதிவுக்கான கிராமி விருதை வென்ற ஆறு பாடல்களிலும் தொடர்ந்து அவருடைய டிரம்ஸ் ஒலித்தது. அந்த ஆறும் நான்கு வெவ்வேறு கலைஞர்களின் பாடல்கள். பல கோடிப் பேர் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்களுள் பெரும்பாலோருக்கு அவர் பெயர் தெரியாது. குழுவில் இடம் கிடைக்காதவர் என்ற எண்ணத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

தயாரிப்பாளர்கள் இப்படிச் செய்ததற்குக் காரணம் எளிது. பதிவுக் கூடத்தின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பணம் செலவாகிறது. மேடையில் கூட்டத்தைக் கவரும் இளம் டிரம்மர், ஒலிவாங்கிக்கு முன்னால் ஒரே வேகத்தில் மூன்று நிமிடம் வாசிக்கத் தடுமாறக்கூடும். பழகிய செஷன் டிரம்மர் மூன்று மணி நேர செஷன் ஒன்றில் மூன்று நான்கு பாடல்களை முடித்துத் தந்துவிடுவார்.

தமிழ்த் திரையிசைக்கும் இது புதிதன்று. சென்னைப் பதிவுக் கூடங்களில் வாசித்த எத்தனையோ கலைஞர்களின் பெயர்கள் இசைத்தட்டு உறைகளில் இடம்பெறாமலே போயின. பிற்காலத்தில் ஏ.ஆர். ரஹ்மான் தம் இசைத்தொகுப்புகளின் உறைகளில் வாத்தியக் கலைஞர்களின் பெயர்களை அச்சிடச் செய்தது ரசிகர்களிடையே பெரிதும் பேசப்பட்டது அதனால்தான். டிரம்ஸ் சிவமணி போல மேடையில் தாமே நட்சத்திரமாகிவிட்டவர்கள் விதிவிலக்குகள்.

ராக்கும் ஜாஸும் ஒரே கையில்

இரண்டு வகை இசையையும் ஒருவர் ஏன் கற்க வேண்டும் என்பதுதான் இத்தொழிலின் உட்பொருள். இதைப் புரிந்துகொள்ளத் தாளத்துக்குள்ளேயே சிறிது இறங்க வேண்டும்.

ராக் இசையின் அடிப்படை நடையில் ஒரு சுற்றுக்கு நான்கு அடிகள். ஒன்றாம், மூன்றாம் அடிகளில் காலால் மிதித்து ஒலிக்கும் பேஸ் டிரம்; இரண்டாம், நான்காம் அடிகளில் கையால் ஓங்கி அடிக்கும் ஸ்னேர் டிரம். இந்த இரண்டாம், நான்காம் அடிகளின் அழுத்தத்துக்குப் பேக்பீட் என்று பெயர். கேட்பவர் தலையசைப்பது அதற்குத்தான். ஜாஸில் எடை இடம்மாறுகிறது. காலத்தைச் சுமப்பது வலப்பக்கத்தில் தொங்கும் ரைடு சிம்பல். இடக்கால் ஹை-ஹாட் எனப்படும் இரட்டைத் தட்டை இரண்டிலும் நான்கிலும் மூடுகிறது. பேஸ் டிரம் ஏறத்தாழத் தொடப்படாத அளவுக்கு மென்மையாக ஒலிக்கிறது. இடக்கை அன்றன்றைக்கு மற்ற வாத்தியங்கள் என்ன சொல்கின்றனவோ அதற்குப் பதில் சொல்கிறது.

இவற்றைவிட ஆழமான வேறுபாடு, ஒவ்வோர் அடியையும் உள்ளே எப்படிப் பிரிப்பது என்பதில் இருக்கிறது. நம் சொற்கட்டில் இதை உடனே உணர்ந்துவிடலாம். ஓர் அடிக்குள் 'தக' என்று சமமாக இரண்டு சொல்லுங்கள். அதுவே ராக்கின் நேர் நடை. இப்போது அதே அடிக்குள் 'தகிட' என்று மூன்று சொல்லுங்கள், நம்முடைய திஸ்ர நடை. பிறகு நடுவிலுள்ள 'கி'யை வாய்விட்டுச் சொல்லாமல் மனத்துக்குள் மட்டும் வைத்துக்கொண்டு, 'த'வையும் 'ட'வையும் ஒலியுங்கள். நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று என்று நொண்டி ஆடுவதுபோல ஓர் அசைவு பிறக்கும். ஜாஸின் ஸ்விங் என்று சொல்லப்படுவதன் எலும்புக்கூடு அதுதான். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் ஓர் அடியின் நீளம் 500 மில்லி விநாடி. நேர் நடை அதை 250, 250 என்று பிரிக்கிறது. ஸ்விங் ஏறக்குறைய 333, 167 என்று பிரிக்கிறது. வேகம் கூடக் கூட இந்த ஏற்றத்தாழ்வு குறைந்து, இரண்டும் சமத்தை நோக்கி நகர்கின்றன. எந்த வேகத்தில் எவ்வளவு நகர வேண்டும் என்பதை ஏட்டைப் பார்த்துக் கற்க முடியாது. கேட்டுத்தான் பெற முடியும்.

ராக் இசையே ஜாஸ் பழகியவர்களின் கையிலிருந்துதான் பிறந்தது என்றுகூடச் சொல்லலாம். நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த டிரம்மர் ஏர்ல் பாமர் ஜாஸில் ஊறியவர். 1955இல் லிட்டில் ரிச்சர்டின் 'டூட்டி ஃப்ரூட்டி'யில் வாசித்தவர் அவரே. ரிச்சர்டின் வலக்கை பியானோவில் சம இடைவெளியில் குத்திக்கொண்டே போனதைக் கேட்டு, அத்தகைய பாடல்களில் தம் ஸ்விங் நடையைப் பாமர் நேராக்கிக்கொண்டார். 'தகிட'விலிருந்து 'தக'வுக்கு நகர்ந்த அந்த மாற்றத்தைச் செய்தவர் இரண்டையும் அறிந்திருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டையும் கலப்பதில் வரும் அழகுக்கு அமெரிக்க செஷன் டிரம்மர் பெர்னார்ட் பர்டியின் நடையை எடுத்துக்கொள்ளலாம். அவர் பெயராலேயே அது பர்டி ஷஃபிள் எனப்படுகிறது. முன்பு சொல்லாமல் விட்ட 'கி'யை அவர் மீண்டும் கொண்டுவருகிறார். ஆனால் ஸ்னேரின் மீது குச்சியைச் சிறிதே உயர்த்தி, கேட்டும் கேளாததுமாக விழச் செய்கிறார். இப்படிப்பட்ட மெல்லடிகளுக்கு கோஸ்ட் நோட் என்று பெயர். 'த'வும் 'ட'வும் ஹை-ஹாட்டில், 'கி' ஸ்னேரில் முணுமுணுப்பாக, அவற்றுக்கு நடுவே, வழக்கமான இரண்டிலும் நான்கிலும் இல்லாமல், மூன்றாம் அடியில் ஓங்கிய ஒரே ஒரு பேக்பீட். உடல் ஜாஸின் மூன்றில் அசைய, முதுகெலும்பு ராக்கின் உறுதியில் நிற்கிறது. 1982இல் டோட்டோ குழுவின் 'ரோசன்னா'வில் ஜெஃப் போர்காரோ வாசித்த புகழ்பெற்ற நடை, பர்டியின் ஷஃபிளையும் லெட் செப்பலின் டிரம்மர் ஜான் போனமின் நடையையும் இணைத்துப் பிறந்தது. இதைப் பழக விரும்பும் மாணவர், குச்சியைத் தொடும் முன் 'தகிட'வில் 'கி'யை மட்டும் கிசுகிசுப்பாகச் சொல்லிப் பார்ப்பது நல்லது. வாயில் வராத அளவு வேறுபாடு கையில் வருவதில்லை.

ஸ்டீலி டான் குழு 1977இல் வெளியிட்ட 'ஏஜா' இசைத்தொகுப்பில் மொத்தம் ஏழு பாடல்கள். அவற்றை வாசித்த டிரம்மர்கள் ஆறு பேர். பர்டி இரண்டு பாடல்களை வாசித்தார். மற்ற ஐவரும் ஆளுக்கு ஒன்று. அவர்களுள் தலைப்புப் பாடலை வாசித்தவர் ஸ்டீவ் கேட். வெய்ன் ஷார்ட்டரின் சாக்ஸபோன் தனிப்பகுதிக்குக் கீழே அவர் எழுப்பும் அலைகளை இன்றும் டிரம்ஸ் மாணவர்கள் நொடி நொடியாகப் பிரித்துப் படிக்கிறார்கள். அவர் ஈஸ்ட்மன் இசைப்பள்ளியில் பயின்றவர், அமெரிக்க இராணுவ இசைக்குழுவில் வாசித்தவர். 1975இல் பால் சைமனின் 'ஃபிஃப்டி வேஸ் டு லீவ் யுவர் லவர்' பாடலுக்கு அவர் தந்த தொடக்க நடையில் அணிவகுப்பு முரசின் சாயல் தெளிவாகத் தெரியும். ஏழு பாடல்களுக்கு ஆறு பேரை அழைத்ததன் பொருள், ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு குறிப்பிட்ட கை தேவைப்பட்டது என்பதே. எதையும் வாசிப்பவர் என்ற இரண்டாவது தவறான எண்ணம் இங்கே உடைகிறது: அழைக்கப்பட்டவர்கள் பரந்த பயிற்சி உடையவர்கள்தாம், ஆனால் அழைக்கப்பட்டது அவரவருக்கே உரிய ஒன்றுக்காக.

இதுவரையிலான சுருக்கம்: ராக் உறுதியான பேக்பீட்டையும் ஒரே தரமான ஒலியையும் பழக்குகிறது, ஜாஸ் கேட்கும் காதையும் அடியை உள்ளே பிரிக்கும் நுட்பத்தையும் பழக்குகிறது. செஷன் டிரம்மருக்கு இரண்டும் வேண்டும்.

பதிவுக் கூடத்தின் உள்ளே

தீபாவளிக்கு வெளியிட ஒரு தமிழ்ப் பாடல் பதிவாகிறது என்று வைத்துக்கொள்வோம். டிரம்மர் குறித்த நேரத்துக்கு ஒரு மணி முன்பே வந்துவிடுகிறார், ஏனென்றால் ஒலிவாங்கிகளை அமைப்பதற்கே நேரம் பிடிக்கும். பேஸ் டிரம்முக்குள் ஒன்று, ஸ்னேரின் விளிம்பருகே ஒன்று, டாம் எனப்படும் மற்ற முரசுகள் ஒவ்வொன்றுக்கும் ஒன்று, தலைக்கு மேலே இரண்டு, அறையின் ஓரத்தில் ஒன்றோ இரண்டோ. ஒலிப்பொறியாளர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து "ஸ்னேர் மட்டும்" என்கிறார். டிரம்மர் ஒரே இடத்தில் ஒரே பலத்தோடு அடித்துக்கொண்டே இருக்கிறார். ஓர் உலோக ரீங்காரம் நீடிக்கிறது. அவர் பையிலிருந்து துணி டேப்பை எடுத்து, விரல் நீளத்துக்குக் கிழித்து, நடுவில் ஒரு மடிப்பு உயர்ந்து நிற்கும்படி தோலின் ஓரத்தில் ஒட்டுகிறார். ரீங்காரம் சுருங்கிவிடுகிறது. பாடகியின் மேல்ஸ்தாயிக் குரல் வந்து உட்கார அந்த இடம் காலியாக வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். இந்த அறிவை எந்த வேகப் பயிற்சியும் தராது.

பிறகு காதொலிப்பானில் கிளிக் ஒலிக்கத் தொடங்குகிறது. கிளிக் என்பது கணினி தரும் சீரான காலக்குறிப்பு. பின்னால் சேரப்போகும் எல்லா வாத்தியங்களும் அதையே பற்றிக்கொள்ளும். பெரும்பாலும் டிரம்ஸே முதலில் பதிவாகிறது. அதன் மேல்தான் பேஸ் கிட்டார், கீபோர்டு, குரல் எல்லாம் அடுக்கப்படுகின்றன. அடித்தளம் கோணினால் மேலே உள்ள எல்லாவற்றையும் மறுபடி எடுக்க நேரிடும். கிளிக்கோடு ஒட்டி வாசிப்பது தொடக்கநிலைத் திறமை. தேவைப்படும்போது ஸ்னேரை மட்டும் பத்து இருபது மில்லி விநாடி தாமதமாக விழச் செய்து பாட்டுக்கு ஓர் ஆறுதலான நடையைத் தருவதும், அந்தத் தாமதம் பாடல் முழுவதும் மாறாமல் காப்பதும்தான் தொழில்.

எதிரே தாங்கியில் ஒரு சார்ட் இருக்கிறது. பாடலின் வரைபடம் அது: எத்தனை சுற்று முன்னிசை, எங்கே பல்லவி, எந்த அடியில் எல்லோரும் சேர்ந்து வெட்டி நிறுத்த வேண்டும் என்பவை மட்டுமே குறிக்கப்பட்டிருக்கும். வெறும் சாய்கோடுகள் உள்ள இடத்தில் என்ன வாசிப்பது என்பது டிரம்மரின் முடிவு. இரண்டாம் முயற்சியிலேயே இசையமைப்பாளர் "முதல் சரணத்தில் கொஞ்சம் குறைங்க" என்கிறார். அவர் எதைக் குறைக்கச் சொல்கிறார்? ஒலியளவையா, அடிகளின் எண்ணிக்கையையா, சிம்பலின் பளபளப்பையா? கேள்வி கேட்டு நேரத்தை வீணாக்காமல் இதைச் சரியாக ஊகிப்பவர்தான் மறுபடி அழைக்கப்படுவார்.

ஒருமுறை தரும் கட்டணம்

பணத்தைப் பற்றிய குழப்பம் மிகப் பெரியது. பாடல் பிரபலமானால் அதில் வாசித்தவருக்கும் பங்கு வந்துகொண்டே இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பொதுவாக, செஷன் கலைஞர் பெறுவது வாசித்ததற்கான கட்டணத்தை மட்டுமே. உரிமத்தொகை என்பது படைப்பு பயன்படுத்தப்படும் ஒவ்வொரு முறைக்கும் உரிமையாளருக்குச் சேரும் பணம். பாடலின் மெட்டுக்கும் வரிகளுக்கும் உரியவர்களே அதன் முதல் உரிமையாளர்கள். சிங்கப்பூரில் 1987இல் தொடங்கப்பட்ட காம்பஸ் அமைப்பு இசையமைப்பாளர்களுக்காகவும் பாடலாசிரியர்களுக்காகவும் பதிப்பாளர்களுக்காகவும் இதைத் திரட்டுகிறது. டிரம்ஸ் நடையை எவ்வளவு அழகாகப் படைத்தாலும் அது வழக்கமாக 'இசையமைப்பு' என்று கணக்கில் வருவதில்லை.

இதன் கடுமையை டிரம்மர் கிளைட் ஸ்டபில்ஃபீல்டின் வாழ்க்கையில் காணலாம். ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' பாடலில், 1970இல் வெளிவந்த அந்தப் பதிவில், மற்ற வாத்தியங்கள் ஒதுங்கி நிற்க அவர் தனியாக வாசித்த சில சுற்றுகள், பிற்காலத்து ஹிப்-ஹாப் பாடல்கள் நூற்றுக்கணக்கானவற்றில் வெட்டி ஒட்டிப் பயன்படுத்தப்பட்டன. பாடலின் ஆசிரியராக அவர் பெயர் பதிவாகாததால் அந்தப் பயன்பாடுகளுக்கான உரிமத்தொகை அவருக்குச் சேரவில்லை. இது அநியாயம் என்றே நான் கருதுகிறேன். ஒரு பாட்டை அடையாளம் காட்டுவது சில வேளைகளில் அதன் மெட்டைவிட அதன் தாளமாகவே இருக்கிறது.

தொழில்நுட்பமும் வருமானத்தை மாற்றியது. உண்மையான டிரம்ஸ் ஒலிகளை எண்ணியல் வடிவில் சேமித்து ஒலித்த முதல் டிரம் இயந்திரமான லின் எல்எம்-1, 1980இல் வந்தது. அடுத்த பத்தாண்டுகளில் செஷன் டிரம்மர்களின் வேலையில் ஒரு பகுதியை இத்தகைய இயந்திரங்கள் எடுத்துக்கொண்டன. இன்று மற்றொரு பக்கமாகக் கதவு திறந்திருக்கிறது: வீட்டிலோ சிறிய அறையிலோ டிரம்ஸைப் பதிவுசெய்து, கோப்புகளை இணையம்வழி வேறு நாட்டுத் தயாரிப்பாளருக்கு அனுப்பும் வேலை பரவலாகியிருக்கிறது. அதற்கு வாசிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. ஒலிவாங்கி வைக்கவும் தெரிய வேண்டும்.

சிங்கப்பூரில் இந்த வாழ்க்கை

இங்குள்ள சந்தை சிறியது. பதிவுக் கூட வேலையை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது அரிது. ஆனால் இவ்வூரின் பன்மொழித் தன்மை டிரம்மருக்கு ஒரு வரம். சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் கெத்தாய் எனப்படும் சீனப் பாட்டு மேடை, அடுத்து ஒரு மலாய்த் திருமணம், தீபாவளியை ஒட்டி ஒரு தமிழ் இசைநிகழ்ச்சி, ஆண்டிறுதியில் ஹோட்டலில் ஜாஸ் மூவர் குழு என்று ஒரே நபர் வாசிக்கும் வாய்ப்பு இங்கே உண்டு. மூத்த ஜாஸ் டிரம்மர் லூயிஸ் சோலியானோ போன்றோரின் தலைமுறை ஹோட்டல், இரவு விடுதி மேடைகளில் கேட்டுக் கற்றது. இப்போது லாசால் கலைக் கல்லூரியில் ஜாஸும் பாப் இசையும் பட்டப் படிப்பாகவே கற்பிக்கப்படுகின்றன. எஸ்பிளனேட் கலையரங்கில் இலவச நிகழ்ச்சிகளிலேயே நல்ல டிரம்மர்களை அருகிலிருந்து கவனிக்கலாம். பாடம் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலோரின் நிலையான வருமானம்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் முழு டிரம்ஸ் தொகுதியை வாசிக்க முடியாது என்பது பலருக்குப் பெரிய தடையாகத் தோன்றுகிறது. ரப்பர் பயிற்சித் தட்டிலும் வலைத்தோல் கொண்ட மின்னணு டிரம்ஸிலும் கைகளை வளர்க்கலாம். ஆனால் ஸ்னேரின் உண்மையான எதிர்விசையும் சிம்பலின் நீண்ட ஒலியும் அவற்றில் முழுமையாகக் கிடைப்பதில்லை. ஆகவே வாரத்துக்கு ஒருமுறையாவது ஸ்டூடியோவில் உண்மையான டிரம்ஸில் அமர வேண்டும். மின்னணு டிரம்ஸ் மட்டும் பழகிய கை, பதிவுக் கூடத்தில் முதல் அடியிலேயே தெரிந்துவிடும். செவிப்பாதுகாப்புச் செருகிகளை முதல் நாளிலிருந்தே அணியப் பழகுவதும் அவசியம்; இழந்த கேட்புத்திறன் திரும்பாது.

தொழிலாக எடுத்துக்கொள்பவர் சட்டப்படி சுயதொழில் செய்பவராகக் கருதப்படுவார். முதலாளி செலுத்தும் மத்திய சேம நிதி அவருக்கு இல்லை; ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்புக்கான சந்தாவைத் தாமே செலுத்த வேண்டும். எனவே ஒரு வேலையை ஏற்கும்போதே கட்டணம், எத்தனை பாடல்கள், திருத்தங்களுக்குத் தனிக் கட்டணம் உண்டா, பணம் எந்த நாளுக்குள் வரும் ஆகியவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்வது முக்கியம். குறுஞ்செய்தியாக இருந்தாலும் போதும். வாய்ப்பேச்சாக மட்டும் விட்டுவிடக் கூடாது.

பெயரைப் பற்றியும் அதே ஆவணத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும். சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், படைப்பாளர்களோடு நிகழ்த்துகலைஞர்களுக்கும் தங்கள் பெயர் அடையாளம் காட்டப்படும் உரிமையை அளித்திருக்கிறது. ஆனால் பாடல் இணையத் தளங்களில் ஏறும்போது விவரங்களை நிரப்புபவர் பெரும்பாலும் அன்று கூடத்தில் இல்லாத ஒருவராகவே இருக்கிறார். ஆகவே பதிவு முடிந்து டிரம்ஸைக் கழற்றும் நேரத்திலேயே, தம் பெயரையும் தாம் வாசித்த வாத்தியங்களையும் எழுத்துப்பிழையின்றித் தயாரிப்பாளருக்கு அனுப்பிவிட்டு, வெளியீட்டு நாளன்று அது சரியாக ஏறியிருக்கிறதா என்று டிரம்மரே பார்த்துக்கொள்ள வேண்டும்.